ஹவ்வாவின் மேல் ஏன் இந்தப் பழி?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் இதழின் கேள்வி–பதில் பகுதியில், "முதல் பாவத்துக்குப் பெண்தான் காரணம் என்று இஸ்லாமும் சொல்கிறதா?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். ஏவாள் ஆதாமை மயக்கிக் கனியை உண்ண வைத்த கதை குர்ஆனிலும் அப்படியே இருப்பதாகப் பதில் தரப்பட்டிருக்கிறது. அப்படி இல்லை. மக்தபில், அதாவது குர்ஆன் ஓதக் கற்றுத்தரும் பள்ளியில், பெண்பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுத்து வருகிறவள் நான். இதைப் படித்துவிட்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

ஏவாளை நாங்கள் ஹவ்வா என்போம், ஆதாமை ஆதம் என்போம். குர்ஆனில் ஹவ்வா என்ற பெயரே எங்கும் வரவில்லை. "உம் மனைவி" என்றுதான் ஆதம் நபியிடம் இறைவன் அவரைக் குறிப்பிடுகிறான். ஏழாவது அத்தியாயமான அல்அஃராஃபில் ஷைத்தான் இருவர் மனத்திலும் ஆசையை ஊட்டுகிறான். உங்கள் நலனைத்தான் விரும்புகிறேன் என்று இருவரிடமும் சத்தியம் செய்கிறான். இருவரும் மரத்தின் கனியைச் சுவைக்கிறார்கள். வெட்கம் தாங்காமல் சொர்க்கத்து இலைகளைச் சேர்த்துச் சேர்த்துத் தங்களை மூடிக்கொள்கிறார்கள். கேள்வி வந்ததும் ஒருவரை ஒருவர் கைகாட்டவில்லை. "எங்கள் இறைவா, எங்களுக்கு நாங்களே அநீதி இழைத்துக்கொண்டோம்" என்று இருவரும் சேர்ந்தே மன்னிப்புக் கேட்கிறார்கள். இந்த துஆவை (பிரார்த்தனையை) எங்கள் பிள்ளைகள் மனப்பாடமாகச் சொல்வார்கள்.

இருபதாவது அத்தியாயமான தாஹாவில் இதைவிடத் தெளிவாக இருக்கிறது. அங்கே ஷைத்தான் பேசுவதே ஆதமிடம்தான். அழியாத வாழ்வும் குறையாத ஆட்சியும் தரும் மரத்தைக் காட்டட்டுமா என்று கேட்கிறான். "ஆதம் தம் இறைவனுக்கு மாறு செய்தார்" என்று அவர் பெயரைச் சொல்லியே வசனம் பேசுகிறது. அடுத்த வசனத்திலேயே மன்னிப்பும் வந்துவிடுகிறது. ஒருவர் சுமையை இன்னொருவர் சுமக்க மாட்டார் என்று 6:164இல் (ஆறாவது அத்தியாயம், 164ஆவது வசனம்) குர்ஆன் சொல்லியிருக்க, அந்தப் பாவம் வழிவழியாகப் பெண்கள் தலையில் விடிவதற்கு இடமே இல்லை.

பாம்பும் குர்ஆனில் இல்லை. இப்லீஸ் என்னும் ஷைத்தான் பாம்பின் வாய்க்குள் ஒளிந்து சொர்க்கத்துக்குள் போன கதை, தபரீ போன்ற குர்ஆன் விரிவுரையாளர்களின் நூல்களில் பதிவாகியிருக்கிறது. அவற்றில் பல யூத, கிறிஸ்தவ மரபுகள் வழியாக வந்து சேர்ந்தவை. பெண் விலா எலும்பிலிருந்து படைக்கப்பட்டாள் என்ற செய்தி ஹதீஸில், அதாவது நபிமொழியில், இருக்கிறது. பெண்களிடம் நல்லபடி நடந்துகொள்ளுங்கள் என்ற அறிவுரையோடு சேர்த்துச் சொல்லப்பட்டது அது. அந்த அறிவுரையை விட்டுவிட்டு எலும்பை மட்டும் பிடித்துக்கொள்கிறவர்கள் எங்களிடையேயும் இருக்கிறார்கள். ஹவ்வாவைக் குறை சொல்வதுபோல் புகாரி என்ற ஹதீஸ் தொகுப்பில் ஒரு ஹதீஸ் உண்டு என்பதை நான் மறைக்கவில்லை. அதைக் காட்ட விரும்புகிறவர் ஹதீஸ் என்றே காட்டட்டும், குர்ஆன் மேல் ஏற்ற வேண்டாம்.

ஆதமின் பிள்ளைகள் கதையும் இப்படித்தான். ராமேஸ்வரத்தில் ஆபில், காபில் அடக்கத்தலம் என்று ஒரு தர்கா இருக்கிறது. எல்லா மதத்தவரும் வந்து போகிறார்கள். அந்த மரபை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் குர்ஆனின் ஐந்தாவது அத்தியாயத்தில் இந்தச் சகோதரர்கள் இருவருக்கும் பெயர் இல்லை, ஊரும் இல்லை. அங்கே இருப்பது வேறு: நீ என்னைக் கொல்லக் கை நீட்டினாலும் நான் உன்னைக் கொல்லக் கை நீட்ட மாட்டேன் என்கிறான் ஒருவன். கொன்றுவிட்டு உடலை என்ன செய்வது என்று தெரியாமல் நிற்கிறான் மற்றவன். ஒரு காகம் வந்து மண்ணைக் கிளறிக் காட்டுகிறது. இந்தக் காகத்தின் அறிவுகூட எனக்கு இல்லாமல் போயிற்றே என்று அவன் புலம்புகிறான். ஓர் உயிரைக் கொன்றவன் மனித குலம் முழுவதையும் கொன்றவன் போலாவான் என்ற வசனம் இதற்கு அடுத்தே வருகிறது. சகோதரியை மணக்கும் போட்டியில் வந்த கொலை என்று பயான்களில் (மார்க்கச் சொற்பொழிவுகளில்) சொல்வார்களே, அது விரிவுரைகளில் வரும் செய்தி. மீண்டும் ஒரு பெண்ணைக் காரணமாக்குவது எவ்வளவு எளிதாகிவிட்டது பாருங்கள்!

இத்தகைய கேள்விகளுக்குப் பதில் எழுதுகிறவர், எது குர்ஆன், எது ஹதீஸ், எது விரிவுரை, எது ஊர் வழக்கு என்று பிரித்துச் சொல்ல வேண்டும். வசன எண்ணைக் கொடுத்தால் வாசகர் தாமே பார்த்துக்கொள்வார். அடுத்த இதழில் அந்தப் பதிலைத் திருத்தி, அல்அஃராஃப் 19 முதல் 25 வரையிலான வசனங்களை முழுமையாக வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கீழக்கரை