மேசைப்பந்து மட்டையும் பிள்ளைகளின் ஆட்டமும்

ஆசிரியர் அவர்கட்கு,

அண்மையில் இங்கு பாடசாலைகளுக்கிடையே நடைபெற்ற மேசைப்பந்துப் போட்டியொன்றில், கடந்த ஆண்டு வரை நிதானமாக ஆடிவந்த என் பேத்தி, அடித்த பந்துகளில் பாதியை மேசைக்கு அப்பால் அனுப்பித் தோற்றாள். பயிற்சி போதாது என்றே அங்கிருந்தோர் கூறினர். ஆனால் அவள் கையிலிருந்ததோ கார்பன் இழை சேர்த்த பலகையில் இருபுறமும் தடித்த ஸ்பொஞ்ச் ஒட்டிய புதிய மட்டை. கடைக்காரர் சிறந்ததென்று காட்டிய விலையுயர்ந்த அம்மட்டையை வாங்கிக் கொடுத்தவன் நானே என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பலகை, ஸ்பொஞ்ச், மேலுள்ள இறப்பர் ஆகிய மூன்றும் சேர்ந்தே மட்டையின் குணத்தைத் தீர்மானிக்கின்றன. பலகையின் தடிப்பில் குறைந்தது 85 வீதம் இயற்கை மரமாக இருக்கவேண்டும் என்பது சர்வதேச விதி; எனினும் இடையே சேரும் மெல்லிய கார்பன் இழை பலகையை விறைப்பாக்கிப் பந்தை விரைந்து தள்ளுகிறது. ஸ்பொஞ்சும் இறப்பரும் பசையுடன் சேர்ந்து 4 மில்லிமீற்றரைத் தாண்டலாகாது. அந்த எல்லையை நெருங்கும் தடித்த ஸ்பொஞ்ச், வலைக்கருகே மெதுவாகத் தொட்ட பந்தையும் எகிற வைக்கும். 1.5 மில்லிமீற்றர் அளவிலான ஸ்பொஞ்சில் வேகம் குறைவாயினும், பந்து பலகையில் படும் உணர்வு கைக்கு எட்டும். அடிக்கும் முறையைக் கற்கும் பிள்ளைக்குத் தேவைப்படுவது அந்த உணர்வே.

பந்தை நன்கு பற்றும் இறப்பர் நாம் கொடுக்கும் சுழற்சியை மட்டும் கூட்டுவதில்லை. எதிராளி கொடுத்த சுழற்சிக்கும் அதே அளவு இணங்கிவிடும். ஆகவே சுழற்சியைக் கண்ணால் அறியப் பழகாத மாணவர், எதிராளி தொடங்கிவைக்கும் பந்தைத் தொட்டவுடனேயே வலையிலோ வெளியிலோ விடுகின்றனர். நீண்ட குமிழ்கள் வெளியே தெரியும் இறப்பரோ வந்த சுழற்சியைப் பெரும்பாலும் மாற்றாமல் பந்தின் திசையை மட்டும் திருப்பிவிடுவதால், முன்சுழற்சியோடு அடித்தவருக்குப் பந்து பின்சுழற்சியோடு வந்து சேரும். மட்டையின் ஒரு பக்கம் கறுப்பாகவும் மறுபக்கம் வேறு நிறமாகவும் இருக்கவேண்டும் என்ற விதி, எந்த இறப்பரால் அடிக்கப்பட்டது என்பதை எதிராளி அறிவதற்காகவே என்று நான் கேட்ட மாணவர் ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை.

உபகரணம் ஆட்டத்தையே மாற்றிவிடும் என்பது புதிய செய்தியன்று. 1952 இல் பம்பாயில் நடந்த உலகப் போட்டியில் தடித்த ஸ்பொஞ்ச் மட்டையுடன் வந்த ஜப்பானியர் ஹிரோஜி சாட்டோ, ஓசையற்ற அந்த மட்டையைக் கணிக்க முடியாமல் ஏனையோர் தடுமாற, ஒற்றையர் பட்டத்தை வென்றார்.

எமது ஊருக்கேயுரிய சிக்கலொன்றும் உண்டு. மாரி காலத்தில் ஈரக் கடற்காற்று மண்டபத்துக்குள் புகும்போது, இறப்பரில் படியும் ஈரத்தால் பந்து வழுக்கும். பிள்ளையோ தன் கையைக் குறைகூறும். இறப்பரைத் துடைத்து, மெல்லிய பிளாஸ்ரிக் தாளால் மூடி, உறையிலிட்டு வைக்கும் பழக்கத்தைக்கூட எவரும் கற்பிப்பதில்லை.

எனவே அடுத்த பருவப் போட்டிகளுக்கு முன்னர், மேசைப்பந்துக்குப் பொறுப்பான ஆசிரியர்களுக்கு வலயக் கல்வி அலுவலகம் அரைநாள் செயலமர்வொன்றை நடத்துவதுடன், பாடசாலைகள் தொடக்கநிலை மாணவருக்கு முழுவதும் மரத்தாலான, மிதமான வேகமுடைய மட்டைகளையே வாங்க வேண்டுமென அறிவுறுத்துமாறும் கேட்டுக்கொள்கிறேன்.

ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
உப்புவெளி, திருகோணமலை.