பொருளுக்கு ஒரு விதி, வேட்பாளருக்கு ஒரு விதி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சமூக ஊடகப் பிரபலங்கள் இளைஞர்களின் அரசியல் கருத்தைத் திருப்பிவிடுகிறார்கள் என்ற சென்ற இதழ்க் கட்டுரையைப் படித்தேன். பழியை ஏன் இளைஞர்கள் தலையில் மட்டும் போட வேண்டும்? எனக்கு வயது 62. முட்டி வலிக்குப் பயிற்சி சொல்லித்தரும் ஒருவரின் வீடியோவை இரண்டு வருடமாகத் தினமும் காலையில் பார்க்கிறேன். ஒருநாள் பயிற்சி முடிந்ததும், துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே தேர்தலைப் பற்றி இரண்டு நிமிஷம் பேசினார். 'சரியாத்தான் சொல்றார்' என்று என் தலை தானாக ஆடியது. அவர் சொன்ன புள்ளிவிவரத்தைச் சரிபார்க்கத் தோன்றியதே சாயங்காலம்தான். பார்த்தால், தப்பு! முட்டி விஷயத்தில் சொன்னது பலித்ததால், எல்லாவற்றுக்கும் அவரே வாத்தியார் ஆகிவிட்டார்.

இதில் புதுசு என்ன என்று சிலர் கேட்கலாம். 1940 அமெரிக்கத் தேர்தலின்போது ஒஹாயோ மாநிலத்தில் சமூகவியலாளர் பால் லாசர்ஸ்ஃபெல்ட் குழுவினர் நடத்திய ஆய்விலேயே, வானொலியையும் பத்திரிகையையும்விடப் பழகியவர்களின் பேச்சுதான் அதிகம் எடுபடுகிறது என்று தெரிந்தது. ஆனால் பக்கத்து வீட்டுக்காரர் எந்தக் கட்சி என்பது தெருவுக்கே தெரியும். மடக்கிக் கேட்கவும் முடியும். திரையில் வருபவருக்கு யார் படியளக்கிறார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்?

ருமேனியாவில் 2024 அதிபர் தேர்தலில் நடந்ததைப் பாருங்கள். எந்த வேட்பாளர் பெயரையும் சொல்லாமல், 'நல்ல அதிபருக்கு என்ன குணம் வேண்டும்' என்று மட்டும் பேச இன்ஃப்ளூயன்சர்களுக்குக் காசு போனது. கீழே கமெண்டுகளில் கலின் ஜார்ஜெஸ்கு என்ற வேட்பாளரின் பெயர் குவிந்தது. முதல் சுற்றில் அவரே முதலிடம். டிசம்பர் 6 அன்று அரசியல் சாசன நீதிமன்றம் தேர்தலையே ரத்து செய்தது. (அது சரியா தவறா என்பது தனிக் கதை.) பேசியவர்களில் எத்தனை பேருக்குத் தாங்கள் யாருக்காகப் பேசுகிறோம் என்று தெரிந்திருக்கும்?

அமெரிக்காவில் ஒரு இன்ஃப்ளூயன்சர் காசு வாங்கிக்கொண்டு ஒரு பொருளைப் புகழ்ந்தால் அதைச் சொல்லியாக வேண்டும். வேட்பாளரைப் புகழ்ந்தால் அவரைச் சொல்லவைக்கக் கூட்டாட்சி விதி எதுவும் இல்லை. இதென்ன நியாயம்? கட்சிக்காரர்கள் தரும் பக்கத்தின் மேல் நீங்கள் 'விளம்பரம்' என்று போடுகிறீர்களே, அந்த ஒரு வார்த்தை வீடியோவிலும் வரட்டும். காசு வாங்காமல் சொந்தக் கருத்தைச் சொல்பவரை யாரும் தடுக்க வேண்டாம்.

பயிற்சியை நான் விடவில்லை. அவர் துண்டை எடுத்தால் போனை அணைத்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்