பக்கத்து இருக்கை அம்மாவுக்கு நன்றி

லண்டன் ராயல் ஓபரா ஹவுஸில் பாலே நடனம் பார்க்கப் போனபோது, இடைவேளையில் என் மகளுக்கு உதவிய அந்த அம்மாவுக்கு இந்த நன்றி. ஒரு பாலே குழுவின் உடைப் பிரிவில் பல வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவராம். பெயர் சொல்லவில்லை.

காலையில் பாலே வகுப்புக்குப் போய்விட்டு வந்ததால் மகளின் பாய்ன்ட் ஷூ (கால்விரல் நுனியில் நின்று ஆடப் போடும் ஷூ) பையிலேயே இருந்தது. அதைக் கணுக்காலில் கட்டும் ரிப்பன் பிய்ந்து தொங்கியது. அவர் அதை வாங்கி, குதிகால் துணியை உள்பக்கமாக மடித்தார். மடிப்பு முடியும் இடத்தில்தான் ரிப்பன் வர வேண்டுமாம். ஓரத்துக்குள் ஓடும் சுருக்குக் கயிற்றில் ஊசி படாமல் தைத்தார். நூல் என்ன தெரியுமா? பல்லிடுக்கைச் சுத்தம் செய்யும் ஃப்ளாஸ்! சாதாரண நூலைவிட உறுதியாம்.

தைத்துக்கொண்டே நிறையச் சொன்னார். ஷூவின் நுனியில் இருப்பது மரக்கட்டை இல்லை, பசை போட்டு ஒட்டிய துணியும் காகிதமும்தான். வியர்வையில் அது இளகிவிடும். 'ஸ்வான் லேக்' மாதிரி நாட்டியத்தில் நாயகிக்கு ஒரே இரவில் ஒரு ஜோடிக்கு மேல்கூடத் தேவைப்படும். பெரிய குழுக்களிலும் ரிப்பனைப் பெரும்பாலும் நடனக்காரர்களே தைத்துக்கொள்கிறார்கள்.

அந்தத் தையல் இன்னும் அசையவில்லை. அடுத்த ஜோடியை மகளே தைத்துவிட்டாள். ரொம்ப நன்றி அம்மா.