2020–21ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும், இன்று வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். வராதவர்களுக்கு இவ்வறிக்கையின் நகல் அனுப்பிவைக்கப்படும்.

செயற்குழு விதிப்படி கூட்டப்பட்டது. இரண்டு கூட்டங்கள் கோரம், அதாவது கூட்டம் நடத்தத் தேவையான குறைந்தபட்ச வருகை, இல்லாமல் ஒத்திவைக்கப்பட்டன. யாரும் வீட்டைவிட்டு வெளியே போக முடியாத மாதங்களில், வீட்டில் இருந்தபடியே கலந்துகொள்ளக்கூடிய இணையவழிக் கூட்டத்துக்கும் ஆள் சேரவில்லை என்பதைப் பதிவு செய்வது என் கடமை. தன்னார்வலர் பயிற்சி ஒருமுறை நடந்தது. ஆண்டு விழா நடத்தப்படவில்லை.

இனி, நமது குடும்ப வன்முறை உதவித் தொலைபேசி பற்றி. 2020 மார்ச் 11 அன்று உலக சுகாதார நிறுவனம் கொவிட்-19ஐப் பெருந்தொற்று என்று அறிவித்ததை அடுத்து நடமாட்டக் கட்டுப்பாடுகள் வந்ததும், நமக்கு வரும் அழைப்புகள் சட்டென்று குறைந்தன. எல்லோரும் ஒன்றாக வீட்டில் இருப்பதால் பிணக்குகள் தணிந்திருக்கும் என்றும், இரவு முறையை நிறுத்திச் செலவைக் குறைக்கலாம் என்றும் செயற்குழுவில் சிலர் கருதினர். கூட்டக் குறிப்பில் இதுபற்றி ‘செயலாளர் உடன்படவில்லை’ என்று ஒரே வரிதான் இருக்கிறது என்பதால், ஏன் உடன்படவில்லை என்பதை இங்கே விரித்துச் சொல்ல அனுமதி வேண்டுகிறேன்.

பழைய பதிவேடுகளை எடுத்து, அழைப்பு வந்த நேரங்களை மட்டும் தனியே குறித்துப் பார்த்தேன். கணவரோ துணைவரோ வேலைக்குப் போயிருக்கும் நேரத்தில், அல்லது தாம் வெளியே வந்த சாக்கில், கிடைத்த சில நிமிடங்களில் பேசியவர்களே மிகுதி. அந்தச் சில நிமிடங்களைத்தான் கட்டுப்பாடுகள் பறித்துக்கொண்டன. அடிப்பவர் நாள் முழுவதும் அடுத்த அறையில் இருக்கும்போது எவர் தொலைபேசியை எடுத்துப் பேசுவார்? வேறு நாடுகளிலும் சில உதவி எண்களில் முதல் வாரங்களில் அழைப்புகள் குறைந்து பின்னர் ஏறின. அழைப்புகள் அமைதியாக இருந்ததால் வீடுகளும் அமைதியாக இருந்தன என்று கொண்டது நம்முடைய பிழை.

ஓர் இரவு வந்த அழைப்பைச் சொல்கிறேன். அடையாளம் தெரியக்கூடிய எதையும் சேர்க்கவில்லை. எடுத்தவுடன் ஒரு பெண் குரல், “அம்மாவுக்குச் சொன்ன மருந்து இன்னும் வரவில்லையே” என்றது. தவறான எண் என்று சொல்லி வைத்துவிட இருந்த தன்னார்வலர், பின்னால் ஓர் ஆண் குரல் “யாரு?” என்று கேட்டதும் நிதானித்து, “ஆம், இல்லை என்று மட்டும் சொல்லுங்கள். அவர் பக்கத்தில் இருக்கிறாரா?” என்று கேட்டார். “ஆமாங்க” என்றார். காயம் உண்டா என்பதற்கும் அதே “ஆமாங்க”. காவல்துறையை அனுப்பட்டுமா என்ற கேள்விக்குச் சற்று நேரம் கழித்து, “இன்னைக்கு வேண்டாம், நாளைக்குக் காலையில பாத்துக்கலாம்” என்று பதில் வந்தது. அன்று இரவு முறை நிறுத்தப்பட்டிருந்தால் அந்த மணி வெறும் அறையில் அடித்திருக்கும்.

இதன் பிறகே, பேசாமல் எழுதி உதவி கேட்கும் குறுஞ்செய்தி வழியை நான் முன்மொழிந்தேன். உதவி கேட்பவரின் கைபேசியைத் துணைவர் சோதிக்கக்கூடும் என்பதால் செய்தியை உடனே அழித்துவிடும்படி முதல் பதிலிலேயே சொல்லுதல், நாமாகத் திருப்பி அழைக்காதிருத்தல், ஆம்–இல்லை என்று விடை வரும்படி கேட்டல் ஆகியவை அதன் விதிகள். இதை என் சொந்த விருப்பம் என்று சிலர் குறிப்பிட்டதை அறிவேன். ஸ்பெயினின் கனரித் தீவுகளில் 2020 மார்ச்சில் மருந்துக் கடைகளில் ‘முகக்கவசம் 19’ என்று கேட்டாலே உதவி வேண்டும் என்று பொருள்கொள்ளும் ஏற்பாடு வந்ததும், உள்ளங்கையைக் காட்டிக் கட்டைவிரலை மடக்கி மற்ற விரல்களால் மூடும் சைகையைக் கனடாவில் அறிமுகப்படுத்தியதும் இதே தேவையால்தான்.

கட்டுப்பாடுகள் ஒரு நல்ல மனிதரை ஒரே இரவில் அடிப்பவராக்கிவிடவில்லை. நம்மிடம் பேசியவர்களில் பெரும்பாலோருக்குப் பணத்தைப் பிடித்துவைத்தல், யாரோடு பேசலாம் என்று தீர்மானித்தல் போன்றவை முன்பே பழகியிருந்தன; வேலை போனதும், வருமானம் நின்றதும், போய்த் தங்கத் தாய்வீடோ தோழி வீடோ இல்லாமற்போனதும் சேர்ந்து, இருந்த பிடியை இறுக்கின. “வெளியே போனால் நோயோடு வருவாய், திரும்ப உள்ளே விடமாட்டேன்” என்ற மிரட்டலைப் பலர் வாயால் கேட்டோம். காயத்தைக் கவனிக்கக்கூடிய ஆசிரியர், மருத்துவர், உடன் வேலை செய்பவர் எவர் கண்ணிலும் படாத மாதங்கள் அவை. வன்முறைக்கு ஆளாகித் தப்பி வெளியேறுவோர் விதியை மீறியவராகார் என்று பிரிட்டனில் அரசே தெளிவுபடுத்த வேண்டியிருந்தது.

எண்களைப் பற்றியும் ஒரு சொல். கட்டுப்பாடுகள் 6 மாதம் நீடித்தால் கூடுதலாக 3 கோடியே 10 லட்சம் வன்முறை நிகழ்வுகள் நேரலாம் என்று ஐ.நா. மக்கள்தொகை நிதியம் 2020 ஏப்ரலில் கூறியது ஒரு கணிப்பு. அது நடந்தே முடிந்ததுபோல நம் உறுப்பினர் ஒருவர் கூட்டமொன்றில் பேசியதைத் திருத்திக்கொள்ள வேண்டுகிறேன். பெருந்தொற்றுக்கு முந்தைய தரவுகளைக் கொண்டு உலக சுகாதார நிறுவனம் 2021 மார்ச்சில் வெளியிட்ட மதிப்பீடு, பெண்களில் ஏறத்தாழ மூவரில் ஒருவர் வாழ்நாளில் உடல்வழி அல்லது பாலியல் வன்முறைக்கு ஆளாகிறார் என்கிறது. ஊதிப் பெருக்காமலே போதுமான அளவு பெரிய எண் அது.

வரவு செலவு பொருளாளரால் வாசிக்கப்படும். வரவு குறைந்தது, செலவு அவ்வளவாகக் குறையவில்லை, கையிருப்பு சமாளிக்கும் அளவில் இருக்கிறது என்பதே சுருக்கம். சந்தா நிலுவை கணிசமானது. வேலை இழந்த உறுப்பினர்களிடம் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டோம். மாதச் சம்பளம் தடைபடாத சிலருக்கு மூன்று நினைவூட்டல்கள் போயும் பதில் இல்லை. பெயர்களை வாசிக்கும்படி தலைவர் சொன்னார், நான் தவிர்த்துவிட்டேன்.

தலைவர், பொருளாளர், தணிக்கையாளர், இடம் தந்து உதவியவர்கள் அனைவருக்கும் நன்றி. இரவில் கண்விழித்த தன்னார்வலர்களுக்குத் தனியே நன்றி. அவர்களில் இருவர் சோர்வினால் விலகிவிட்டனர்.

வரும் ஆண்டில் கட்டுப்பாடுகள் இருந்தாலும் தளர்ந்தாலும் குறுஞ்செய்தி வழி தொடர வேண்டும் என்பது என் கருத்து, ஏனெனில் வாய் திறந்து பேச முடியாத வீடுகள் பெருந்தொற்றோடு தொடங்கியவை அல்ல. அதற்கு வாரத்தில் எல்லா இரவுகளுக்கும் ஆள் வேண்டும். தற்போது செவ்வாயும் சனியும் காலியாக உள்ளன. மற்றொரு செயலாளர் வந்தால் அவ்விரு இரவுகளையும் நானே பார்த்துக்கொள்ள ஆயத்தமாக இருக்கிறேன். பணிப்பட்டியல் வாசல் மேசையில், சந்தா ரசீதுப் புத்தகத்தின் பக்கத்தில் வைக்கப்பட்டிருக்கிறது.

இங்ஙனம்,
செயலாளர்