பக்கத்து அம்பயரிடம் ஒரு வார்த்தை கேட்டால் என்ன?

ஆசிரியருக்கு வணக்கம்.

சிறுவர் பேஸ்பால், சாஃப்ட்பால் ஆட்டங்களில் வரும் தகராறுகளைப் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். பெற்றோர் வேலிக்கு வெளியே நின்று கத்தக்கூடாது என்றீர்கள், சரி. ஆனால் அம்பயர் சொன்னால் சொன்னதுதான், யாரும் வாயே திறக்கக்கூடாது என்கிற தொனியில் முடித்திருந்தீர்களே, விதிப்புத்தகத்தில் இருப்பதில் அது பாதிதான்.

வீசிய பந்து ஸ்ட்ரைக்கா (பேட்டருக்கு எதிரான கணக்கு) பாலா (பேட்டருக்குச் சாதகமான கணக்கு), அடித்த பந்து ஃபேரா (கோட்டுக்கு உள்ளே) ஃபவுலா (வெளியே), ரன்னர் அவுட்டா சேஃபா, இதெல்லாம் அம்பயர் கண்ணால் பார்த்துச் சொல்வது. இதற்கு அப்பீல் கிடையாது, புரொட்டஸ்ட்டும், அதாவது முறைப்படி ஆட்சேபமும், செய்ய முடியாது. விதியையே அவர் தப்பாகப் போட்டுவிட்டால் கதை வேறு. உதாரணமாக, பேட்டைப் பிடித்திருக்கும் கையும் பேட்டோடு சேர்த்தி என்று நிறைய பேர் நம்புகிறார்கள். அப்படி ஒரு விதியே இல்லை, கையில் பட்டால் உடம்பில் பட்டதுதான். இதை நம்பி ஓர் அம்பயர் ஃபவுல் கொடுத்தால், மேனேஜர் டைம் கேட்டு, அந்தத் தீர்ப்பைச் சொன்ன அம்பயரிடமே நிதானமாகப் போய், எந்த விதிப்படி என்று கேட்கலாம். லிட்டில் லீக்கில் (சிறுவர் பேஸ்பால், சாஃப்ட்பால் அமைப்பு) இதை அடுத்த பந்து வீசப்படும் முன்பே செய்துவிட வேண்டும். இரண்டு இன்னிங்ஸ் கழித்து ஞாபகம் வந்து பிரயோஜனம் இல்லை.

கட்டுரை தொடவே தொடாத விஷயம், அம்பயர்கள் தங்களுக்குள் கேட்டுக்கொள்வது. தீர்ப்பு சொன்னவர் விரும்பினால் இன்னொருவரிடம் விசாரித்துவிட்டு மாற்றிக்கொள்ளலாம் என்று விதியிலேயே இருக்கிறது. அவர் கேட்காமல் மற்றவர் தானாக வந்து தலையிடக்கூடாது, அவ்வளவுதான். முதல் பேஸில் நிற்கும் ஃபீல்டரின் கால் பேஸை விட்டு எழும்பியதா என்பது பேஸ் அம்பயர் நிற்கும் கோணத்திலிருந்து சில சமயம் தெரியவே தெரியாது, ஹோம் பிளேட்டிலிருந்து கோட்டையொட்டி ஓடிவரும் அம்பயருக்குப் பளிச்சென்று தெரியும். கோச் மரியாதையாக வந்து, அவரிடம் கொஞ்சம் கேளுங்களேன் என்றால் கேட்பதில் என்ன கௌரவக் குறைச்சல்? அரை ஸ்விங்குக்கு (பேட்டர் பேட்டைப் பாதியில் நிறுத்தினாரா, முழுசாக வீசினாரா என்பதற்கு) இது வழக்கமாகவே நடக்கிறது, கிரிக்கெட்டில் ஸ்டம்பிங்குக்கு ஸ்கொயர் லெக் அம்பயரைப் பார்ப்பதுபோல. (ஆனால் பிளேட் அம்பயர் பால் என்று சொன்னால் மட்டும்தான் கேட்க முடியும், ஸ்ட்ரைக் என்று சொல்லிவிட்டால் பேட்டர் தரப்புக்கு அந்த வழி இல்லை. பல கோச்சுகளுக்கே இது தெரிவதில்லை.)

எல்லாவற்றையும் மாற்றிவிடவும் முடியாது. தரையில் விழுந்த பந்துக்கு ஃபவுல் என்று ஒருமுறை கத்திவிட்டால் எல்லாரும் அப்படியே நின்றுவிடுவார்கள், அப்புறம் அதை ஃபேர் ஆக்கினால் ரன்னர்களை எந்த பேஸில் நிறுத்துவது? அதனால்தான் அனுபவமுள்ளவர்கள் பந்து எங்கே போகிறது என்று முழுசாகப் பார்த்துவிட்டு வாயைத் திறக்கிறார்கள். புதிதாக வரும் பையன்களுக்கும் பெண்களுக்கும் முதலில் சொல்லித்தர வேண்டியது இந்த நிதானத்தைத்தான் என்பேன், குரலை உயர்த்துவதை அல்ல.

ரீப்ளே வேண்டும் என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். அமெரிக்கத் தொழில்முறை பேஸ்பாலான மேஜர் லீக்கிலேயே 2008இல் ஹோம் ரன்னுக்கு மட்டும் என்று தொடங்கி, 2014இல்தான் விரிவாக்கினார்கள். இடையில் 2010 ஜூன் 2 அன்று டெட்ராய்ட்டில், பந்து வீசிய அர்மாண்டோ கலராகா 26 பேரை வரிசையாக அவுட்டாக்கிய பிறகு 27ஆவது ஆளை அம்பயர் ஜிம் ஜாய்ஸ் தவறாக சேஃப் என்றார், ஒருவரையும் பேஸ் ஏறவிடாமல் 27 பேரையும் அவுட்டாக்கும் பெர்ஃபெக்ட் கேம் போயிற்று. வீடியோவைப் பார்த்ததும் ஜாய்ஸ் தப்பை ஒப்புக்கொண்டார், மறுநாள் கலராகாவே லைன்அப் கார்டை (பேட்டிங் வரிசைப் பட்டியலை) கொண்டுவந்து அவரிடம் கொடுத்தார். லிட்டில் லீக் வேர்ல்ட் சீரிஸில் டிவி கேமராக்கள் இருப்பதால் ரீப்ளே சாத்தியம். சாதாரண மைதானத்தில் இருப்பது பெற்றோரின் போன்தான், அதுவும் அவரவர் பிள்ளை பக்கம் திரும்பியிருக்கும். அதை வைத்துத் தீர்ப்பு சொல்ல ஆரம்பித்தால் ஆட்டம் முடிந்த மாதிரிதான்.

நியூ ஜெர்சியில் டெப்ட்ஃபோர்ட் லிட்டில் லீக் 2023இல் ஒரு விதி போட்டது: அம்பயரோடு சண்டை போட்டவர் மூன்று ஆட்டங்களுக்கு அம்பயராக நின்றால்தான் மறுபடி பார்க்க வரலாம். படித்தபோது நன்றாகச் சிரித்தேன். ஆனால் அந்தக் கோபக்காரர் கொடுக்கும் ஸ்ட்ரைக் ஜோனை (ஸ்ட்ரைக் என்று எண்ணும் எல்லையை) மூன்று ஆட்டம் சகித்துக்கொள்ளப் போவது யாருடைய பிள்ளைகள்? அதற்குப் பதில் சீசன் தொடங்கும் முன் கோச்சுகளையும் பெற்றோரையும் உட்காரவைத்து, எதைக் கேட்கலாம், யாரிடம், எப்போது என்று ஒரு மணி நேரம் பேசலாம். கூடவே அம்பயர்களுக்கும், கேட்டால் கோபப்படாதீர்கள் என்று சொல்லலாம். அடுத்த கட்டுரையில் இதையும் எழுதுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்