பாப்பாவுக்கு

மஞ்சக்குப்பம்,
கடலூர்.

அன்பு மகளுக்கு,

பொங்கல் முடிந்து பெங்களூர் திரும்பிய பிறகு, நீ போன் செய்யும்போதெல்லாம் அம்மாவிடம் மட்டும் பேசிவிட்டு வைத்துவிடுகிறாய். அதைப் பற்றி நான் எழுத வரவில்லை. பேரன் தம்பிக்கு நீ வீட்டிலேயே பாடம் சொல்லிக்கொடுப்பதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

அன்று திண்ணையில் −3 − (−5) என்ற கணக்கைப் போட்ட தம்பி, ஒவ்வொரு குறியை எழுதியதும் உன் முகத்தைப் பார்த்தான். உன் புருவம் சுருங்கியதும் அழித்தான். நீ தலையசைத்த பிறகே 2 என்று எழுதினான். விடை சரி, ஆனால் அதைக் கண்டுபிடித்தவள் நீ.

குறை எண்களும் சேர்ந்த முழுக்களைப் புதிதாகக் கற்கும் 12 வயதுப் பையனை வீடியோவின் முன் தனியாக உட்கார வைக்கச் சொல்லவில்லை. எண்கோடு வரைந்து இரண்டு கணக்குகளை அவனோடு சேர்ந்து போடு. பிறகு எழுந்து போய்விடு. தெரியாத கணக்குக்கு ஓரத்தில் கேள்விக்குறி போட்டுவிட்டு அடுத்ததற்குப் போகட்டும், எல்லாம் முடிந்த பிறகு நீ வா. தமிழ்க் கட்டுரைக்கு மட்டும் இது பொருந்தாது. என்ன எழுதப்போகிறான் என்பதை முதலில் அவன் வாயால் சொல்ல, கேட்பதற்கு ஆள் வேண்டும்.

வேலைக்கும் போய்க்கொண்டு, விடியற்காலையில் எழுந்து அவனுக்குப் பாடம் தயாரிக்கிறாய். வாத்தியாராக இருந்த காலமெல்லாம் நான் அப்படித் தயாரித்ததில்லை. ஆனாலும் அவனைப் பள்ளியிலிருந்து நிறுத்தும் முன் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். பள்ளிக்குப் போகாமலே படித்துத் தேர்வு எழுத உதவும் தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்புக்குப் பதிவு செய்ய 14 வயது நிறைய வேண்டும் என்பதால் அவசரம் இல்லை. ஆனால் தேர்வறையில் அவன் நிமிர்ந்து பார்க்க உன் முகம் இருக்காது. எழுந்து போய்விடு, பாப்பா.

நீ ஏழாம் வகுப்பில் படித்தபோது நான் சிவப்புப் பேனாவோடு உன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். நீ தவறாக எழுதி முடிக்கும் முன்பே கையைப் பிடித்து நிறுத்தினேன். உன் மதிப்பெண்களைத் தெருவெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டேன். பத்தாவது முடிந்ததும் கணக்கே இல்லாத பிரிவு வேண்டும் என்றாய். நான் உன்னோடு பல நாள் பேசவில்லை. ஏன் என்று ஒருமுறைகூடக் கேட்கவில்லை. தம்பி உன் முகத்தைப் பார்த்தபோது, நீ என் முகத்தைப் பார்த்தது நினைவுக்கு வந்தது. எல்லோர் முன்னிலும் நான் உன்னைக் கடிந்துகொண்டது அதனால்தான். என் மேல் வர வேண்டிய கோபத்தை உன் மேல் காட்டிவிட்டேன்.

அவன் கேள்விக்குறி போட்ட கணக்குகளைப் படம் எடுத்து எனக்கு அனுப்பு. விடையை நான் சொல்ல மாட்டேன்.

இப்படிக்கு,
அப்பா