டிஸ்சார்ஜ் ஆகியும் வீடு போக முடியவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

காலை 10 மணிக்கே டாக்டர் 'வீட்டுக்குப் போகலாம்' என்று சொல்லிவிடுகிறார். நோயாளியோ இரவு வரை கட்டிலில். காப்பீட்டு நிறுவனத்தின் ஒப்புதல் வரவில்லையாம். நிறுவனத்துக்காக க்ளைம்களைக் கவனிக்கும் டிபிஏ ஒவ்வொரு விளக்கமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறது. எல்லாவற்றையும் ஒரே தடவையில் கேட்டால் என்ன?

பில்லைக் காப்பீட்டு நிறுவனமே நேரடியாகக் கட்டும் கேஷ்லெஸ் சிகிச்சையில், மருத்துவமனை கேட்ட 3 மணி நேரத்துக்குள் இறுதி ஒப்புதல் தர வேண்டும். தாமதத்தால் கூடுதல் கட்டணம் விழுந்தால், காப்பீட்டு நிறுவனமே தன் பங்குதாரர் நிதியிலிருந்து ஏற்க வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ 2024 மே மாதமே சொல்லிவிட்டது. எந்த பில்லிங் கவுன்டரிலும் இதை எழுதி ஒட்டி நான் பார்த்ததில்லை.

அறை வாடகை விவகாரம் இன்னும் மோசம். பாலிசி வரம்பு நாளுக்கு 5,000 ரூபாய். சேர்ந்ததோ 10,000 ரூபாய் அறை. வித்தியாசத்தைக் கட்டினால் போதும் என்றுதான் நினைப்போம். ஆனால் வரம்பு அறை வாடகையில் பாதிதான் என்பதால், பல பாலிசிகளில் டாக்டர் ஃபீஸ், ஆபரேஷன் தியேட்டர் கட்டணம் உட்பட பாதியை வெட்டிவிடுவார்கள். மருந்து, உடலுக்குள் பொருத்தும் இம்ப்ளான்ட், பரிசோதனைச் செலவுகளில் அப்படி வெட்டக்கூடாது என்பது விதி. அட்மிஷன் போடும்போதே, எந்த அறைக்கு எவ்வளவு கைக்காசு போகும் என்பதை மருத்துவமனைகள் எழுத்தில் தர வேண்டும்.

- ஒரு வாசகர், திருச்சி